போன ஆந்தையும் போகாத ஈயும்

ஒரு தராசை எடுத்துக்குங்க. ஒரு தட்டுல ஆந்தை ஒண்ணை வைங்க. நல்லா வளர்ந்த பெரிய ஆந்தை, எடை சுமார் 600 கிராம். மறு தட்டுல வீட்டு ஈயை ஒவ்வொண்ணா வைச்சுக்கிட்டே வாங்க. ஒரு ஈ சுமார் 12 மில்லிகிராம். ரெண்டு தட்டும் சமமா நிக்க ஏறக்குறைய 50,000 ஈ வேணும்.

ஈ எவ்வளவு வேணும்னாலும் நான் தர்றேன். எங்க மாட்டுக்கொட்டகையில சித்திரை மாசத்து மத்தியானம் ஒண்ணு போதும். ஆனா நான் சொல்ற அந்த ஆந்தையை யாராலயும் தர முடியாது. நியூசிலாந்துல வாழ்ந்த ‘சிரிக்கும் ஆந்தை’ அது. 1914ம் வருஷத்துக்கு அப்புறம் அதை உறுதியா யாரும் பார்க்கல.

ஆந்தைக்கும் ஈக்கும் என்னய்யா சம்பந்தம், மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறியேன்னு நீங்க கேக்கலாம். சம்பந்தம் இருக்கு. ஒரே நாட்டுல, ஒரே காலத்துல, ஒரே மாதிரி விவசாயிங்க கையால இந்த ரெண்டுக்கும் விதி எழுதப்பட்டது. ஒண்ணு அழிஞ்சது, இன்னொண்ணு பெருகினது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பார்த்தா நம்ம ஊரு விவகாரமும் புரியுது.

என் கட்சி இதுதான்: பெருகுறது தானா நம்ம கண்ணுல படும். குறையறது கண்ணுல படாது. அதனால குறையறதைத்தான் நாம தேடிப்போய் விசாரிக்கணும். நாம நேர்மாறா செய்யறோம்.

முதல்ல ஆந்தையைச் சொல்றேன்.

நியூசிலாந்து கடலுக்கு நடுவுல கிடக்கிற தீவு நாடு. மனுஷன் கால் வைக்கிறதுக்கு முன்னாடி அங்க தரையில நடமாடற பாலூட்டின்னு பார்த்தா வௌவால் வகை மட்டும்தான். பூனை இல்ல, நரி இல்ல, கீரி இல்ல, எலி கூட இல்ல. அதனால அங்க இருந்த பறவைங்க பலதும் தரையில நடந்து, தரையிலயே கூடு வைச்சு, பயமில்லாம வாழ்ந்துச்சு. நாலு கால்ல மோப்பம் பிடிச்சு வர்ற எதிரியே இல்லாத ஊர்ல கதவுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு?

சிரிக்கும் ஆந்தையும் அப்படித்தான். உடம்பு நீளம் ஒரு முழத்தை ஒட்டி வரும். முகம் வெளுப்பு, உடம்புல பழுப்பும் மஞ்சளும் கலந்த கோடு. கால் நீளம். பறந்தும் வேட்டையாடும், தரையில நடந்தும் பிடிக்கும். வண்டு, மண்புழு, பல்லி, சின்னப் பறவை, பின்னால வந்த எலி எல்லாம் அதுக்குச் சாப்பாடு. பாறை இடுக்குல, பெரிய கல்லுக்கு அடியில, காய்ஞ்ச புல்லைப் பரப்பி ரெண்டு வெள்ளை முட்டை வைக்கும். பெட்டை அடைகாக்கும், சேவல் இரை கொண்டுவந்து கொடுக்கும். இந்த விவரமெல்லாம் 1880கள்ல சிலர் அதைப் பிடிச்சு வளர்த்துப் பார்த்து எழுதி வைச்சதால தெரியுது.

அதோட சத்தத்தை வைச்சுத்தான் பேர் வந்தது. மழைக்கு முன்னாடி, தூறல் போடற இருட்டு ராத்திரியில அதோட குரல் அதிகம் கேக்குமாம். ஒரு ஆள் விட்டுவிட்டுச் சிரிக்கிற மாதிரி இருக்குமாம். அக்கார்டியன்னு நம்ம ஆர்மோனியப் பெட்டிக்குச் சொந்தக்கார வாத்தியம் ஒண்ணு இருக்கு. அதை வாசிச்சா இந்த ஆந்தை கிட்ட வந்து கேக்கும்னும் எழுதி வைச்சிருக்காங்க. மவோரி மக்கள் அதை ஃபேகாவ்னு கூப்பிட்டாங்க.

மவோரி மக்கள் சுமார் 700 வருஷத்துக்கு முன்னாடி அங்க போய்ச் சேர்ந்தவங்க. அவங்களோட நாயும் பசிபிக் எலியும் போச்சு. அதுக்கும் இந்த ஆந்தை தாக்குப்பிடிச்சது. 1840 வாக்குல ஐரோப்பியர்கள் கூட்டம் கூட்டமா குடியேறினப்ப அது தாராளமாவே இருந்ததுன்னு சொல்றாங்க. 40 வருஷம் கழிச்சு அரிதாயிடுச்சு. குடியேறினவங்க புல்வெளியைக் கொளுத்தினாங்க, காட்டைத் திருத்தி ஆடு விட்டாங்க. அவங்களோட பூனை வந்தது, கப்பல்ல பெரிய எலி வந்தது. அருங்காட்சியகத்துக்கும் சேகரிக்கிறவங்களுக்கும் ஆந்தையைப் பிடிச்சு வித்தவங்களும் உண்டு. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் முயல். வேட்டைக்கும் கறிக்கும் ஐரோப்பாவுலேர்ந்து முயலைக் கொண்டுவந்து விட்டாங்க. 1870கள்ல அது கொள்ளை நோய் மாதிரி பெருகிடுச்சு. ஆடு மேய வேண்டிய புல்லை முயல் மேய்ஞ்சது. பண்ணையை அப்படியே விட்டுட்டுப் போனவங்களும் இருக்காங்க.

இந்த இடத்துல நான் அந்த ஆட்டுப் பண்ணைக்காரங்களைத் திட்ட மாட்டேன். ஒரு ராத்திரியில எலி பூந்து கதிரறுத்துப் போட்ட வயலை விடிகாலையில வரப்புல நின்னு பார்த்தவன் நான். அந்த நேரத்துல எவனாவது ஒருத்தன் வந்து, இதைத் தெளி, அதை விடு, எல்லாம் சரியாயிடும்னு சொன்னா மனசு கேட்டுக்கும். கடன் கழுத்துல இருக்கறப்ப யாரும் நூறு வருஷத்துக்கு அப்புறம் என்ன ஆகும்னு யோசிக்கிறதில்ல.

அவங்களுக்கும் ஒரு மருந்து சொன்னாங்க. முயலைத் தின்ன ஸ்டோட், வீசல், ஃபெரெட்னு மூணு பிராணியை ஐரோப்பாவுலேர்ந்து இறக்கலாம்னாங்க. நம்ம கீரியை இளைக்க வைச்சு நீட்டின மாதிரி இருக்கும் இதுங்க. பொந்துக்குள்ள புகும், பாறை இடுக்குல நுழையும், மரமும் ஏறும். வேண்டாம், இது பறவைகளைத் தின்னுரும்னு பறவை தெரிஞ்சவங்க அப்பவே எச்சரிச்சாங்க. எடுபடல. 1880கள்ல அரசாங்கமே முன்னின்னு கொண்டுவந்து விட்டது.

ஸ்டோட்டை நீங்களே நினைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் வளையில பூந்து தப்பிக்கத் தெரிஞ்ச முயல். அது தலைமுறை தலைமுறையா இதுங்ககிட்ட ஓடிப் பழகினது, ரெண்டும் ஒரே ஊர்க்காரங்க. இன்னொரு பக்கம் தரையில கூடு வைச்சு, எதிரின்னா என்னன்னே தெரியாம உக்காந்திருக்கிற பறவை. எதைப் பிடிக்கறது சுலபம்? முயல் இன்னைக்கும் நியூசிலாந்துல இருக்கு, இன்னைக்கும் அங்க விவசாயிக்குத் தலைவலி. ஆந்தைதான் இல்ல.

இது அவங்க மட்டும் செஞ்ச காரியம்னு நினைக்காதீங்க. நம்ம நாட்டுக் கீரியோட வம்சத்தையே 1883ல கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க ஹவாய்த் தீவுக்குக் கொண்டுபோனாங்க. எலி ராத்திரியில நடமாடற ஜீவன், கீரி பகல்ல வேட்டையாடறது. ரெண்டும் சந்திச்சுக்கறதே அபூர்வம். கீரி தரையில கூடு வைச்ச பறவையோட முட்டையைத் தின்னுச்சு. ஒரு தொல்லையைத் தீர்க்கக் கொண்டுவர்ற மருந்து வேற யார் வீட்டு வாசல்ல போய் நிக்கும்னு கேக்காம விட்டா இப்படித்தான்.

சிரிக்கும் ஆந்தை முதல்ல வடக்குத் தீவுல இல்லாம போச்சு. அப்புறம் தெற்குத் தீவு. 1914 ஜூலை 5ந் தேதி, தெற்குத் தீவுல கேன்டர்பரி பகுதியில புளூக்ளிஃப்ஸ்ங்கிற இடத்துல ஒரு ஆந்தை செத்துக் கிடந்தது. உறுதியான பதிவுல அதுதான் கடைசி. அதுக்கப்புறம் அங்க கேட்டேன், இங்க கேட்டேன்னு சொன்னவங்க உண்டு, நிரூபணம் இல்ல.

அந்த மாசக் கடைசியில முதல் உலகப் போர் ஆரம்பிச்சுடுச்சு. ஒரு ஆந்தை செத்ததை யார் பேசப் போறாங்க? அதே வருஷம் செப்டம்பர் 1ந் தேதி அமெரிக்காவுல சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில கடைசிப் பயணிப் புறா செத்தது. அந்தப் புறாவுக்கு மார்த்தான்னு பேர் இருந்தது, கூண்டு இருந்தது, பார்த்துக்கிட்டு இருக்க ஆள் இருந்தது. அதனால அது முடிஞ்ச நாள் துல்லியமா தெரியும். ஆந்தைக்கு அதுவும் இல்ல. செத்துக் கிடந்ததைத்தான் பார்த்தாங்க. அது கடைசியா என்னைக்குச் சிரிச்சதுன்னு யாருக்கும் தெரியாது. ஊரே கேக்கிற மாதிரி சத்தம் போட்ட பறவைக்கே இந்தக் கதி. சத்தம் போடாம போற ஜீவன்களை நினைச்சுப் பாருங்க.

இப்ப ஈக்கு வர்றேன்.

வீட்டு ஈயைப் பத்தி நல்லவிதமா யாரும் எழுத மாட்டாங்க. வியாபாரம் இல்லாத கடைக்காரரை ஈ ஓட்டுறார்ங்கிறோம், பார்த்து எழுதினவனை ஈ அடிச்சான் காப்பிங்கிறோம். ஆனா அதோட திறமையை ஒத்துக்கத்தான் வேணும்.

பெட்டை ஈ சாணியில, குப்பையில, அழுகின பண்டத்துல முட்டை வைக்கும். ஒரு ஈட்டுக்கு நூறு முட்டைன்னு வைச்சுக்குங்க, ஆயுசுல மொத்தம் 500 வரைக்கும் வைக்கும். ஒரு நாளைக்குள்ள பொரிஞ்சு புழு வரும். புழு நல்லா தின்னு கொழுத்து, கொஞ்சம் காய்ஞ்ச இடமா பார்த்து நகர்ந்து, கூட்டுப்புழுவாகி, வெயில் காலமா இருந்தா ஏழு முதல் பத்து நாளைக்குள்ள ஈயா பறந்துடும். அதுக்குப் பல் கிடையாது. சர்க்கரை மேல உக்காந்தா எச்சிலைத் துப்பிக் கரைச்சு உறிஞ்சும். ருசி பார்க்கறதும் கால்லதான். சாணியில வைச்ச அதே காலை உங்க சோத்துல வைக்கும். வாந்திபேதி, டைபாய்டு பரவறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆதியில மத்திய ஆசியா, மேற்கு ஆசியாப் பக்கம் தோன்றினதா சொல்றாங்க. இன்னைக்கு மனுஷன் எங்க இருக்கானோ அங்க அது இருக்கு. நாம மாடு வளர்த்தா வரும். கப்பல் ஏறினா கூட ஏறும். அதுக்குன்னு தனியா ஒரு காடு வேண்டாம், பாறை வேண்டாம், மரம் வேண்டாம். நம்ம கழிவு போதும்.

நியூசிலாந்துக்கும் குடியேறினவங்களோடதான் அது போச்சு. அங்கதான் எனக்கு ஆச்சரியமான சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. அந்த நாட்டுல நீல நிறத்துல பெரிய ஈ ஒண்ணு ஆட்டுக்காரங்களுக்குத் தொல்லை கொடுத்துக்கிட்டு இருந்தது. நம்ம ஊர்ல மாட்டுக்குப் புண் வந்தா புழு வைக்குமே, வேப்பெண்ணெய் போட்டு எடுப்போமே, அந்த வகைத் தொல்லை. வீட்டு ஈ வந்த இடத்துல அந்த நீல ஈ குறையறதா அவங்க நினைச்சாங்க. அதனால வீட்டு ஈயைப் பெட்டியிலயும் பாட்டில்லயும் அடைச்சு உள்நாட்டுப் பண்ணைகளுக்கு எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னு 19ம் நூற்றாண்டு இயற்கை அறிஞர்கள் எழுதி வைச்சிருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. ஈயைப் பத்திரமா பாட்டில்ல வைச்சுத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அதே நாட்டுல, அதே நூற்றாண்டுல, ஆந்தை கூடு வைச்ச பாறை இடுக்குக்கு ஸ்டோட்டை அனுப்பியிருக்காங்க. ரெண்டுமே கெட்ட எண்ணத்துல செஞ்சதில்ல. ரெண்டுமே ஆட்டைக் காப்பாத்தச் செஞ்சது. இதைத்தான் நான் ரொம்ப நாளா மனசுல போட்டுப் புரட்டிக்கிட்டு இருக்கேன். நல்ல எண்ணம் மட்டும் இருந்தா பத்தாது போலிருக்கு.

இன்னொரு ஒப்பீடும் சொல்லணும். டி.டி.டி. மருந்து பூச்சியைக் கொல்லும்னு 1939ல கண்டுபிடிச்சாங்க. கண்டுபிடிச்ச பால் முல்லருக்கு 1948ல நோபல் பரிசு கொடுத்தாங்க. ஆனா பரிசு கொடுக்கறதுக்கு முன்னாடியே, 1946 வாக்குல, ஸ்வீடன்ல வீட்டு ஈ அந்த மருந்துக்குச் சாகாம நின்னுடுச்சு. எப்படி? வருஷத்துக்குப் பத்துத் தலைமுறைக்கு மேல ஓட்டற ஜீவன் அது. ஆயிரத்துல ஒண்ணு மருந்துக்குத் தப்பிச்சாலும் அது 500 முட்டை வைக்கும். சில வருஷத்துல ஊர் முழுக்கத் தப்பிச்சதோட பிள்ளைங்கதான்.

ஆந்தைக்கு அந்த அவகாசம் கிடையாது. கூட்டுக்கு ரெண்டு முட்டை. ஸ்டோட் இறங்கினதுலேர்ந்து கடைசி ஆந்தை செத்துக் கிடந்த வரைக்கும் சுமார் 30 வருஷம். அதுக்குள்ள ஈக்கு 300 தலைமுறை ஓடியிருக்கும். ஆந்தைக்கு ஓடினதை விரல் விட்டு எண்ணிடலாம். ரெண்டு முட்டையில ஒரு முட்டை போனா அதுக்குப் பாதிக் குடும்பம் போன மாதிரி.

வலுத்தது பிழைக்கும், இளைச்சது சாகும், உலகம் அப்படித்தானேன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதுல சம்மதமில்ல. இதுல வலு எங்கே இருக்கு? 50,000 ஈயோட எடை இருக்கிற, எலியைக் கவ்வித் தூக்கற ஆந்தை இளைச்சதா? அது ஆயிரக்கணக்கான வருஷம் அந்தத் தீவுல ராஜா மாதிரி வாழ்ந்தது. நாம போய் ஊரோட நியாயத்தையே மாத்தினோம். மாத்தின நியாயத்துல, நம்ம குப்பையைத் தின்னத் தெரிஞ்சது பிழைச்சது. தனக்குன்னு ஒரு இடம் வேணும்னு இருந்தது செத்தது.

அதுக்குச் சாட்சி அதே நாட்டுலயே இருக்கு. ருருன்னு இன்னொரு ஆந்தை அங்க உண்டு, உருவத்துல சின்னது. அது பெரும்பாலும் மரப்பொந்துல கூடு வைக்கும். அது இன்னைக்கும் இருக்கு. அதுக்கும் ஆபத்து இல்லாம இல்ல, ஆனா இருக்கு. கூடு வைக்கிற இடம் ஒரு இனத்துக்கு எவ்வளவு முக்கியம்னு இதுலயே தெரியும்.

சரி, ஒரு ஆந்தை போனா யாருக்கு என்ன நஷ்டம்னு அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். வயித்துப்பாட்டுக்காரன் எவனும் கேப்பான்.

ஒண்ணு சொல்றேன். ஆந்தை இரையை அப்படியே முழுங்கி, செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையா கக்கும். நம்ம ஊர் ஆந்தை குந்துற மரத்தடியிலயும் அந்த உருண்டை கிடக்கும். பிச்சுப் பார்த்தா எலியோட மண்டை ஓடு, தாடை எல்லாம் இருக்கும். சிரிக்கும் ஆந்தை நூற்றாண்டு நூற்றாண்டா பாறைக் குகையில கக்கி வைச்ச உருண்டை எலும்பெல்லாம் இன்னைக்கும் அங்க குவிஞ்சு கிடக்கு. மனுஷன் வர்றதுக்கு முன்னாடி அந்த நாட்டுல எந்தத் தவளை இருந்தது, எந்தப் பல்லி இருந்தது, எந்தச் சின்னப் பறவை இருந்ததுன்னு ஆராய்ச்சிக்காரங்க அந்த எலும்பை வைச்சுத்தான் நிறையக் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரு ஊர்க் கணக்கப்பிள்ளை மாதிரி அது கணக்கு எழுதி வைச்சிருக்கு. கணக்கப்பிள்ளையைத்தான் காப்பாத்த முடியல.

இன்னொண்ணு செலவு. ஸ்டோட், எலி, போஸம் இதையெல்லாம் 2050க்குள்ள நாட்டுலேர்ந்தே ஒழிக்கணும்னு நியூசிலாந்து அரசாங்கம் 2016ல அறிவிச்சது. ஊர் ஊரா பொறி வைக்கிறாங்க. ஒரு காலத்துல காசு கொடுத்துக் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்ததை இப்ப காசு கொடுத்துப் பிடிக்கிறாங்க. அவ்வளவு செஞ்சாலும் சிரிக்கும் ஆந்தை திரும்ப வராது. மிச்சம் இருக்கிற பறவைகளுக்காகத்தான் அந்தச் செலவு.

ஈயை ஒழிக்கணும்னு நான் சொல்லல. அதோட புழு சாணியையும் அழுகலையும் தின்னு மட்க வைக்குது. எங்க எருக்குழியைக் கோழி கிளறுதுன்னா அந்தப் புழுவுக்காகத்தான். ஈ நமக்கு எதிரி இல்ல, அது நம்ம குப்பையோட அளவுகோல். ஈ அதிகமாச்சுன்னா குப்பை அதிகமாச்சுன்னு அர்த்தம். அளவுகோலை அடிச்சு நொறுக்கினா குப்பை குறையாது.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். டெல்டாவுல எங்க பக்கம் ரெண்டு வகை ஆந்தை அதிகம். ஒண்ணு சின்னப் புள்ளி ஆந்தை. இன்னொண்ணு வெள்ளை முகத்துக் கூகை. கூகை கத்தினா சாக்குருவி கத்துது, ஊர்ல ஒரு சாவு விழும்னு சொல்லிக் கல்லெடுத்து அடிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. ஆனா சம்பா வயல்ல எலிக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிஞ்சு கிடையாது. வயல்ல பறவைதாங்கி நட்டு வைங்கன்னு வேளாண்மைத் துறையிலயும் சொல்றாங்க. ‘டி’ மாதிரி ஒரு குச்சி, அவ்வளவுதான். சாயங்காலம் நட்டா ராத்திரி அதுல வந்து குந்தும். பழைய தஞ்சாவூர்க் கிட்டி வைச்சு எலி பிடிக்கிற ஆளுங்க குறைஞ்சுட்டாங்க. கூகைக்குக் கூலி கூடக் கொடுக்க வேண்டாம்.

போன வருஷம் குளத்து மேட்டுல குப்பை கொட்டினதால ஊர் முழுக்க ஈ மொய்ச்சது. டீக்கடையில கிளாஸ் வைக்க முடியல. ரெண்டு வாரத்துல ஜனங்க கூட்டம் போட்டாங்க, மனு எழுதினாங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். மருந்து அடிச்சாங்க. நாலு நாள் குறைஞ்சது. குப்பை அங்கேயே கிடக்கு, ஈயும் திரும்ப வந்துடுச்சு.

அதே குளத்துக் கரையில ஒரு இலுப்பை மரம் இருக்கு. எங்க தாத்தா காலத்துலயே பெரிய மரம். நடுவுல பெரிய பொந்து, அதுல கூகை ஜோடி ஒண்ணு இருக்கு. இப்ப பாதையை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்டணும்ங்கிறாங்க. இதுக்கு யாரும் கூட்டம் போடல. மனு எழுதல. மரத்துக்கு விலை பேசறாங்க, பொந்துக்குள்ள இருக்கிறதை யாரும் பேசல. வெட்டின மறுநாள் டீக்கடையில யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்காது. தை மாசம் வயல்ல எலி கதிரறுக்கறப்பதான் தெரியும். அப்பவும் கூகை போனதாலன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எலி மருந்து வாங்கக் கடைக்கு ஓடுவாங்க. அந்த மருந்தைத் தின்னு தள்ளாடற எலியை மிச்சம் இருக்கிற ஆந்தை ஏதாவது பிடிச்சா, விஷம் அதுக்கும் ஏறும்.

இன்னொரு மரம் நட்டுடலாமேன்னு சொல்றாங்க. நடலாம், நடணும். ஆனா கூகை குடியிருக்கற அளவுக்கு ஒரு மரத்துல பொந்து விழணும்னா எத்தனை மாமாங்கம் ஆகும்? ஈக்கு ஒரு நாள்ல வீடு கிடைச்சுடும், நேத்து கொட்டின குப்பை போதும். கூகைக்கு வீடு என் தாத்தாவுக்குத் தாத்தா நட்டிருக்கணும்.

பாதை வேண்டாம்னு நான் சொல்லல. ஆம்புலன்ஸ் வரணும், நெல் ஏத்தின டிராக்டர் திரும்பணும், எல்லாம் எனக்கும் தெரியும். எதிர்ப்பக்கம் மேய்ச்சல் தரிசு இருக்கு. பாதையை ஆறடி அந்தப் பக்கம் தள்ளினா மரம் நிக்கும். வர்ற கிராம சபையில நான் இதைத்தான் எழுந்து பேசப் போறேன். ஆந்தைக்காக வந்துட்டான் பாருன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அதோட குப்பை விஷயத்தையும் சேர்த்தே பேசுவேன், ஏன்னா எனக்கு ரெண்டும் ஒரே விஷயம்தான். எதைக் கொட்டறோம், எதை வெட்டறோம்ங்கிற கணக்குதான் ஈயா வருது, ஆந்தையா போகுது.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அடுத்த தடவை சொந்த ஊருக்கு வர்றப்ப, ஊர்ல என்ன புதுசுன்னு மட்டும் கேக்காதீங்க. புதுசா வந்தது தானா தெரியும். செல்போன் கோபுரம் தெரியும், புதுக் கல்யாண மண்டபம் தெரியும், ஈ உங்க இலையிலயே வந்து உக்காரும். வீட்டுல இருக்கிற பெரியவங்களைப் பிடிச்சு, முன்னாடி இருந்து இப்ப இல்லாதது என்னன்னு கேளுங்க. ராத்திரி எந்தச் சத்தம் கேக்கும், இப்ப எது கேக்கல, எந்த மரத்துல எது குடியிருந்ததுன்னு கேளுங்க. அவங்களுக்குத் தெரியும், யாரும் கேக்காததால சொல்லாம இருக்காங்க.

உங்க தெருவுல பழைய மரத்தை வெட்ட வந்தாலும் முதல்ல பொந்தைப் பாருங்க. எலி மருந்து வைக்கிறதுக்கு முன்னாடி எலிப்பொறி வைச்சுப் பாருங்க. ஈரக் குப்பையைத் தனியா போட்டு மூடி வைங்க, ஈ தானா குறையும். ஆந்தையைக் கண்டா கல்லெடுக்காதீங்க, அது சாவைக் கொண்டு வர்றதில்ல. எலி தின்ன வந்திருக்கு, தின்னுட்டுப் போகட்டும்.